பாலையில் தண்ணீர்க் கணக்கு: பாட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பகல்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து அரிசோனா எல்லையை நோக்கிப் போகும் 10-ஆம் எண் நெடுஞ்சாலை இண்டியோ நகரைத் தாண்டியதும் மேடேறத் தொடங்கும். பேரீச்சந் தோப்புகள் பின்னால் போய்விடும். இருபுறமும் முட்புதரும் கருத்த மலைகளும் மட்டுமே. அப்படியே சுமார் 30 மைல் போனால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 அடி உயரத்தில் சிரியாகோ சம்மிட் வருகிறது. ஊர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு பெட்ரோல் நிலையம், ஓர் உணவகம், சிறிய விமான ஓடுபாதை ஒன்று, அப்புறம் நெடுஞ்சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி வரிசையாக நிற்கும் டாங்கிகள். அங்கேதான் ஜெனரல் பாட்டன் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஆர்.வி. என்பது சாதாரணக் குடும்பங்களின் பயண வீடு. ஓய்வுபெற்ற பலர், வடக்கே பனி கொட்டும் மாதங்களில் வண்டியைத் தெற்கே ஓட்டிவந்து இந்தப் பாலையில் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். சிரியாகோவிலிருந்து கிழக்கே சுமார் 90 மைலில் உள்ள அரிசோனாவின் குவார்ட்ஸைட், குளிர்காலத்தில் ஆர்.வி.க்களின் நகரமாகவே மாறிவிடும். அங்கே போகும் வழியில், அருங்காட்சியகத்தை ஒட்டிய வெற்றிடத்தில் இரவு தங்கிப் போவது இவர்களிடையே நெடுநாள் வழக்கம். மின் இணைப்பு கிடையாது, குழாய் கிடையாது, கழிவு வெளியேற்றும் வசதி கிடையாது, வாடகையும் கிடையாது. வண்டியின் தொட்டியில் இருக்கும் 150 லிட்டரோ 300 லிட்டரோதான் குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும். பல் துலக்கும்போது குழாயை மூடி வைக்கும் பழக்கம் அவர்களுக்குத் தானாக வந்துவிடுகிறது.

இந்த அருங்காட்சியகத்தைப் பார்க்க அதைவிடப் பொருத்தமான மனநிலை வேறில்லை என்று நினைக்கிறேன். வாசல் பலகை இது ஒரு தளபதியின் நினைவிடம் என்கிறது. உள்ளே இருக்கும் பொருள்களையும் வெளியே கிடக்கும் நிலத்தையும் சேர்த்துப் படித்தால், இது தண்ணீரைப் பற்றிய இடம். தளபதியின் நெஞ்சுரம் பாலையை வென்றது என்ற கதையைவிட, பாலையில் தண்ணீர் எப்படி வந்தது, வராதபோது உடல் என்ன ஆனது என்ற கதைதான் இங்கே கனமானது.

பெரும்பாலானோர் நேராக டாங்கிகளை நோக்கி நடந்துவிடுகிறார்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் உள்ளே ஒரு பெரிய மேடைபோல் கிடக்கும் நிலப்பட வார்ப்பை முதலில் பார்ப்பது நல்லது. தென்கலிபோர்னியாவின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் மேடு பள்ளத்தோடு செதுக்கிய, ஏறத்தாழ ஐந்து டன் எடையுள்ள வரைபடம் அது. போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1920களில் கொலராடோ ஆற்றிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்கு எந்த வழியாகத் தண்ணீர் கொண்டுவரலாம் என்று தேடிய பொறியாளர்களுக்காக உருவானது. போர் அருங்காட்சியகத்துக்குள் தண்ணீர்த் திட்டத்தின் பொருள் ஒன்று வந்து உட்கார்ந்திருப்பது முதலில் விநோதமாகத் தெரியும். கொஞ்சம் வரலாறு தெரிந்தால் விநோதம் போய்விடும்.

கொலராடோ நீர்வழி 242 மைல் நீளம். 1933-இல் வேலை தொடங்கியது. 1941-இல் தண்ணீர் நகரங்களைச் சேர்ந்தது. வழியில் மலைகள் குறுக்கிடுவதால் ஐந்து நீரேற்று நிலையங்கள் மொத்தம் சுமார் 1,600 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கிவிடுகின்றன. சிரியாகோவின் வடக்கே மலைகளைக் குடைந்துதான் அது போகிறது. அந்தத் திட்டத்துக்காக நிலம் அளக்க வந்தவர்களில் ஒருவர் அலபாமாக்காரரான ஜோ சிரியாகோ. நீர்வழியும் புதிய சாலையும் வரப்போகும் இடம் எது என்று அளவைக்காரனுக்குத் தெரியாதா? 1933-இல் கணவாயின் உச்சியில் அவர் ஒரு கடையும் பெட்ரோல் பம்பும் திறந்தார். அப்போது அந்த இடத்துக்கு ஷேவர் சம்மிட் என்று பெயர்; பிற்பாடுதான் குடும்பத்தின் பெயர் ஊருக்கு வந்தது. அருங்காட்சியகம் எழுந்ததில் அவருடைய மகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1988 நவம்பர் 11-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. அமெரிக்காவில் அது முன்னாள் படைவீரர் தினம். பாட்டனின் பிறந்த நாளும் அதுவே.

இனி அந்தத் தளபதி. ஜார்ஜ் பாட்டன் 1885-இல் பிறந்தவர். தென்கலிபோர்னியாவின் சான் கேப்ரியல் பகுதிக்காரர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லான் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றவர். குதிரைப்படைக்கு ஒரு வாளை வடிவமைத்தவர். முதல் உலகப் போரில் அமெரிக்காவின் முதல் டாங்கிப் படையில் இருந்து காயம்பட்டவர். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷார் ஜெர்மன் தளபதி ரோமலோடு மணலில் போராடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் படைக்கு மணலில் சண்டையிட்ட அனுபவம் இல்லை. தரைப்படையின் பயிற்சிப் பொறுப்பிலிருந்த ஜெனரல் மெக்நேர் ஒரு பாலைவனப் பயிற்சி மையம் வேண்டும் என்று முடிவெடுத்தார். 1942 மார்ச்சில் இடம் தேடி வந்தவர் பாட்டன்.

அவர் இந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் சொல்லப்படும்போது ‘வெறுமை’ முதலில் வரும்: ஆளில்லை, பயிரில்லை, குண்டு போட்டாலும் கேட்க நாதியில்லை. ஆனால் வெறுமை அமெரிக்க மேற்கில் எங்கும் இருந்தது. ரயில் பாதையும், முந்தைய ஆண்டில்தான் ஓடத் தொடங்கிய நீர்வழியும் பக்கத்திலேயே இருக்கும் வெறுமை இங்கேதான் இருந்தது. நீர்வழி நிர்வாகத்தோடு பேசி முகாம்களுக்குத் தண்ணீர் ஏற்பாடானது. அந்தத் திட்டம் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் பயிற்சி மையம் இந்த அளவில் இங்கே எழுந்திருக்காது என்பது என் கணிப்பு. ஐந்து டன் வரைபடம் அருங்காட்சியகத்துக்குள் இருப்பதன் நியாயம் இதுதான்.

மையம் வளர்ந்த வேகம் திகைக்க வைக்கிறது. கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா மாநிலங்களில் பரவி அதன் பரப்பு சுமார் 18,000 சதுர மைல் ஆனது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கேரளத்தைவிடப் பெரிது. இரண்டு ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் வீரர்கள் இங்கே பயிற்சி பெற்றார்கள். சிரியாகோவுக்கு அருகிலிருந்த யங் முகாம் தலைமையிடம். காக்ஸ்கோம்ப், அயர்ன் மவுண்டன், கிரானைட், ஐபிஸ், ஹைடர், ஹார்ன், லகுனா, பௌஸ் என்று மற்ற முகாம்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் கிடந்தன. பெரும்பாலும் கூடாரங்கள்தான். ஒரு மாதத்துக்குள் ஒவ்வொருவரும் முழு மூட்டையும் துப்பாக்கியும் சுமந்து பத்து நிமிடத்தில் ஒரு மைல் ஓட வேண்டும் என்பது பாட்டனின் உத்தரவு. இரும்பு டாங்கிக்குள் வெப்பம் 49 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டியது.

அடுத்து தண்ணீர்க் கட்டுப்பாடு. பயிற்சிக் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு குடுவைத் தண்ணீர்தான் என்ற கெடுபிடி இருந்ததாக அங்கிருந்த வீரர்கள் பலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவக் குடுவை ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும். உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் குறைந்த தண்ணீரில் சண்டையிடக் கற்றுக்கொள்ளும் என்பது அன்றைய ராணுவத்தில் பலருடைய நம்பிக்கை. பாட்டன் மட்டும் அப்படி நினைத்தவர் அல்ல. ஆனால் மன உறுதியையே எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கண்ட அவருடைய இயல்புக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

இந்த நம்பிக்கையை உடைத்த ஆராய்ச்சியும் இதே பாலையில்தான் நடந்தது. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் எட்வர்ட் அடால்ஃப் தன் குழுவோடு போர்க்காலத்தில் இங்கே வந்தார். வீரர்களை நடக்க வைத்து, உட்கார வைத்து, சட்டையோடும் சட்டையில்லாமலும் வெயிலில் நிறுத்தி, முன்னும் பின்னும் எடை போட்டார். எவ்வளவு வியர்த்தது, எவ்வளவு குடித்தார்கள் என்று கணக்கெடுத்தார். முடிவுகள் 1947-இல் நூலாக வந்தன. சுருக்கமாகச் சொன்னால்: மனித உடலைக் குறைந்த தண்ணீருக்குப் பழக்க முடியாது. வெயிலில் வேலை செய்கிறவனுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். அவன் எவ்வளவு கட்டுப்பாடானவன் என்று வியர்வை பார்ப்பதில்லை. தண்ணீரைப் பிற்பாட்டுக்கு மிச்சம் பிடிப்பதால் எந்த லாபமும் இல்லை. இழப்பு ஏற ஏற நடையும் அறிவும் தடுமாறும்.

அவர் கண்டதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தாலும் மனிதன் இழந்ததை முழுவதும் குடிப்பதில்லை. தாகம் உடலின் தேவைக்குப் பின்தங்கியே வருகிறது. சாப்பாட்டு வேளையில்தான் பற்றாக்குறை ஈடாகிறது. அதாவது தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும் என்பதும் பாலையில் தவறு. சட்டையைக் கழற்றாமல் இருப்பது, பகலில் நிழலில் கிடந்து இரவில் நடப்பது ஆகியவைதான் வியர்வையைக் குறைக்கும் வழிகள். பாலைநில மக்கள் உடல் முழுக்க மூடி உடுத்துவதற்கு ஆய்வுச் சான்று கிடைத்தது. இன்று ராணுவங்களும் தொழிற்சாலைகளும் வெயிலில் வேலை செய்வோருக்குத் தரும் தண்ணீர் அறிவுரைகளின் பின்னால் இந்த ஆராய்ச்சி இருக்கிறது. வட ஆப்பிரிக்கப் போர்முனைக்காகத் தொடங்கிய மையத்தின் நிலைத்த பயன் எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் போர்முனை விஷயத்தில் காலம் வேறு மாதிரி ஓடியது. 1943 மே மாதத்திலேயே வட ஆப்பிரிக்கப் போர் முடிந்துவிட்டது. பயிற்சி பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் போரில் மணலைப் பார்க்கவே இல்லை. ஐரோப்பாவின் சேற்றுக்கும் பனிக்கும், பசிபிக்கின் காட்டுக்கும் போனார்கள்.

பாட்டன் இங்கே இருந்த காலமும் மிகக் குறைவு. மார்ச்சில் வந்தவர், வட ஆப்பிரிக்கத் தரையிறக்கத்துக்குத் தயாராக 1942 கோடையிலேயே போய்விட்டார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதன்பின் 1944 வசந்தம் வரை கில்லம், வாக்கர் போன்ற தளபதிகள் மையத்தை நடத்தினார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை. 1970-இல் வந்து ஏழு ஆஸ்கர் வாங்கிய திரைப்படம் பாட்டனை உலகறிந்த உருவமாக்கியது. நெடுஞ்சாலையில் போகிறவர் வண்டியைத் திருப்பி உள்ளே வர அந்தப் பெயர்தான் உதவும். வியாபாரமாக அது சரி. வரலாறாகப் பார்த்தால் ஒரு பெயர் மற்ற பெயர்களை விழுங்குகிறது. 1943-இல் இங்கே பயிற்சி பெற்ற 93-ஆம் காலாட்படைப் பிரிவு முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்டது. நிற அடிப்படையில் பிரித்து வைக்கப்பட்ட ராணுவத்தில், அதே வெயிலில் அதே பயிற்சியை முடித்துப் பசிபிக் போர்முனைக்குப் போனார்கள். ராணுவத்தில் நிறப் பிரிவினையை நீக்கும் ஆணை வந்தது 1948-இல்தான்.

பாட்டனைப் பற்றியும் இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. 1944-இல் பிரான்ஸைக் குறுக்காகக் கடந்த அவருடைய மூன்றாம் படையின் வேகம் ராணுவ வரலாற்றில் உண்மையான சாதனை. 1943 ஆகஸ்டில் சிசிலியில், போரின் அதிர்ச்சியால் மனம் கலங்கி மருத்துவக் கூடாரத்தில் கிடந்த இரண்டு வீரர்களை அவர் அறைந்ததும் உண்மை. போர் முடிந்தபின், நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட யூதர்களைப் பற்றித் தன் நாட்குறிப்பில் அவர் எழுதி வைத்திருப்பவை படிக்கக் கூசுபவை. குறைந்த தண்ணீரில் போராட முடியாதவன் பலவீனன், மனம் உடைந்தவன் கோழை என்ற இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரண்டு வடிவங்களாகவே எனக்குப் படுகின்றன. 1945 டிசம்பரில் ஜெர்மனியில் கார் விபத்தில் காயமடைந்து இறந்த அவர், லக்சம்பர்க்கில் தன் வீரர்களோடு புதைக்கப்பட்டிருக்கிறார்.

சரி, டாங்கிகள். கொட்டகையிலும் வெட்டவெளியிலுமாக நிற்பவற்றில் போருக்குப் பிந்தைய, பாட்டன் பெயரையே தாங்கியவையும் உண்டு. இந்திய வாசகருக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் கிராமத்தருகே பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் கூட்டமாகச் சிக்கின. அமெரிக்க ராணுவ உதவியாகப் பாகிஸ்தானுக்குக் கிடைத்தவை அவை. நம்மிடம் இருந்தவற்றைவிட நவீனமானவை. எதிரே நின்றவற்றில் டெக்கான் ஹார்ஸ் படையணியின் ஷெர்மன் டாங்கிகளும் இருந்தன. கலிபோர்னியப் பாலையில் பயிற்சி பெற்ற தலைமுறை ஓட்டிப் பழகிய அதே பழைய ரகம். ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாட்டன்களை அடுத்தடுத்து அடித்து வீழ்த்தி உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்ததை நம் பாடநூல்கள் சொல்கின்றன. அவ்வளவாகச் சொல்லப்படாதது தண்ணீரின் பங்கு. இந்தியப் படை வாய்க்கால் நீரைத் திருப்பி வயல்களை மூழ்கடித்தது. கரும்புக் கொல்லைகளுக்கிடையே சேற்றில் கனத்த டாங்கிகள் புதைந்தன. சிக்கியவற்றைக் கொண்டு நிறுத்திய இடத்துக்குப் பாட்டன் நகர் என்றே பெயர் வந்தது. மணலில் பயிற்சிக்கு இடம் தேடிய தளபதியின் பெயர் தாங்கிய வண்டிகளுக்கு முடிவு, நனைந்த வயலில்.

ஆர்.வி.யில் வந்தவருக்கு இந்த வளாகத்தில் இன்னொரு தொடர்பும் உண்டு; பலர் கவனிப்பதில்லை. அவர் ஓட்டிவந்த சாலையே ராணுவச் சிந்தனையில் பிறந்தது. 1919-இல் வாஷிங்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை ராணுவ வண்டிகள் அணிவகுத்துப் போனபோது, மோசமான சாலைகளால் 62 நாள் பிடித்தது. அந்த அணியில் போன இளம் அதிகாரி ஐசனோவர் பின்னாளில் குடியரசுத் தலைவராகி, 1956-இல் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சாலைத் தொகுதியின் முழுப் பெயரிலேயே பாதுகாப்பு என்ற சொல் இருக்கிறது. பளபளக்கும் அலுமினிய ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளின் கதையும் இதேபோல. 1930களில் விமானம் கட்டும் முறையில் தகடுகளை ரிவெட் அடித்து உருவானவை அவை. போர் வந்ததும் அலுமினியம் முழுவதும் விமானங்களுக்குப் போக, உற்பத்தி நின்றது. நிறுவனர் வாலி பையமே விமானத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். போருக்குப் பின்தான் அந்த வண்டிகள் மறுபடி சாலைக்கு வந்தன.

பிற்பகலில் வெயில் தாழ்ந்ததும் வளாகத்தை விட்டு வெளியே போக வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாத காட்சிப்பொருள் அங்கேதான் கிடக்கிறது. யங் முகாமின் எச்சங்கள் அருகிலேயே உள்ளன. தொலைவிலுள்ள அயர்ன் மவுண்டன் முகாமில், வீரர்கள் கல்லால் கட்டிய வழிபாட்டு மேடைகளும், பயிற்சிக்காகத் தரையில் அமைத்த பிரம்மாண்டமான நிலப்பட மாதிரியும் வேலிக்குள் பாதுகாக்கப்படுகின்றன. கூடாரத் தெருக்களின் ஓரம் வரிசையாக அடுக்கிய கற்கள் அப்படியே இருக்கின்றன. அரிசோனாப் பக்கம் பௌஸ் முகாமில், எதிரியின் கண்ணைக் கூசச் செய்யும் பெரிய விளக்குகள் பொருத்திய டாங்கிகளோடு ரகசியமாகப் பயிற்சி நடந்தது. அத்தனை ரகசியத்துக்குப் பின் அந்த விளக்குகள் போரில் அநேகமாகப் பயன்படவே இல்லை.

இவற்றைவிட என்னைப் பாதிப்பது டாங்கித் தடங்கள். இந்தப் பாலையின் மேற்பரப்பு பல இடங்களில் சிறு கற்கள் நெருக்கமாகப் படிந்த தளம். அது உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒருமுறை சங்கிலிச் சக்கரம் ஏறினால் கற்கள் சிதறும், அடிமண் இறுகும், மழைநீர் உள்ளே இறங்காது, செடி முளைக்காது. போர் முடிந்து சுமார் நாற்பது ஆண்டு கழித்துப் புவியியலாளர்கள் வந்து அளந்தபோது, ஒரே ஒருமுறை டாங்கி போன தடத்திலும் மண் இறுக்கம் நீங்காமல் இருந்தது. வானத்திலிருந்து பார்த்தால் கோடுகள் இன்றும் தெரிகின்றன. 1964-இல் இதே நிலத்தில் இன்னொரு பெரிய போர்ப்பயிற்சியும் நடந்து, புதிய தடங்களைச் சேர்த்தது. இந்த மண்ணில் வளை தோண்டி வாழும் பாலைநில ஆமை 1990-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாக அறிவிக்கப்பட்டது. அதன் எண்ணிக்கை குறைவதற்கு நோய், சாலை, குடியிருப்பு என்று பல காரணங்கள் உண்டு. இறுகிய மண் அவற்றில் ஒன்று.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்தப் பக்கம் தங்க வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை பகல் இதமாக இருக்கும், இரவில் குளிரும். இரவு தங்கும் அனுமதியும் திறந்திருக்கும் நேரமும் மாறக்கூடியவை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லிட்டர் குடிநீர் என்ற கணக்கில் கொண்டுபோங்கள், தாகம் வரும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். முகாம் நிலங்களில் ஏற்கெனவே உள்ள பாதையை விட்டு வண்டியை இறக்காதீர்கள். தரையில் துருப்பிடித்த உலோகம் எதைக் கண்டாலும் தொடாதீர்கள், வெடிக்காத குண்டுகள் இன்னும் அங்கே கிடக்கின்றன.